ஜேம்ஸ்டவுன் இரண்டு இருக்கிறதே, எதற்குப் போவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஊரிலிருந்து வரும் மாமனார், மாமியாரையும் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு, ஜூலையில் வாஷிங்டன் பக்கத்திலிருந்து, வர்ஜீனியாவில் உள்ள ஜேம்ஸ்டவுனுக்கு, அதாவது அமெரிக்காவில் ஆங்கிலேயர் நிலைத்துக் குடியேறிய முதல் ஊருக்கு, போக நினைக்கிறீர்கள். வரைபடத்தில் தேடினால் ஜேம்ஸ்டவுன் இரண்டு வருகிறது, எது உண்மையானது என்று புரியவில்லை. போய்வந்த நண்பர் ஒருவரோ "அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் புல்தரை" என்று சொல்லிவிட்டார். கேள்வியின் பெரும்பகுதி வழி விசாரிப்பதுதான். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்டது கடைசி வரியில் இருக்கிறது: ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்க்க மூன்று மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டுமா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு வழிக்கு வருகிறேன்.

எந்த உரிமையில் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் தொல்லியல் முதுகலை படித்தவன். மாணவனாக இரண்டு அகழாய்வுகளில் மண் அள்ளியிருக்கிறேன். அப்புறம் பிழைப்பு கணினிப் பக்கம் போய்விட்டது. பதினாறு வருடமாக ரிச்மண்ட் அருகே குடியிருப்பு. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஜேம்ஸ்டவுனுக்கு ஓட்டுநரும் நான்தான், வழிகாட்டியும் நான்தான். ஆகவே மண்ணைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தைரியமாகவே எடுத்துக்கொள்ளலாம். அந்த மண்ணின் பூர்வகுடிகளைப் பற்றிச் சொல்வது படித்துத் தெரிந்துகொண்டது மட்டுமே. அதில் எனக்குப் பயிற்சி கிடையாது.

இரண்டு ஜேம்ஸ்டவுன் குழப்பம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. முதல் தடவை அப்பாவைக் கூட்டிப்போனபோது நானே ஏமாந்தேன். மரக்கோட்டை, கூரை வேய்ந்த வீடுகள், கரையில் மூன்று கப்பல்கள் என்று எல்லாம் ஜோராக இருந்தது. "நானூறு வருஷத்துக் கட்டை மாதிரி தெரியலையே" என்று அப்பா ஒரு கம்பத்தைத் தட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அது ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட். 350ஆம் ஆண்டு விழாவுக்காக 1957இல் கட்டிய மாதிரிக் கிராமம், மாநில அரசின் பொறுப்பில் நடக்கிறது. உண்மையான இடம் அங்கிருந்து சுமார் ஒரு மைல் தள்ளி, ஆற்றுக்குள் இருக்கும் தீவில். அதன் பெயர் ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன். பழைய வழக்கப்படி ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசியில் ஒரு 'ஈ' கூடுதலாக இருக்கும், பலகையில் அதைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம். இரண்டுக்கும் டிக்கெட் தனித்தனி.

உங்கள் நண்பர் சொன்னது பொய்யில்லை. அந்தத் தீவில் தரைக்கு மேலே நிற்கும் பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம் என்றால் ஒரு செங்கல் தேவாலயக் கோபுரம் மட்டும்தான். மற்றதெல்லாம் மண்ணுக்குள். ஆனால் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு போனால், நான் பார்த்த அமெரிக்க வரலாற்று இடங்களில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல மாட்டேன்.

கதையை வேகமாகச் சொல்கிறேன். 1606 டிசம்பரில் சூசன் கான்ஸ்டன்ட், காட்ஸ்பீட், டிஸ்கவரி என்ற மூன்று கப்பல்கள் லண்டனிலிருந்து புறப்பட்டன. அனுப்பியது வர்ஜீனியா கம்பெனி என்ற லண்டன் வணிகர் கூட்டு, தலைமை மாலுமி கிறிஸ்டோபர் நியூபோர்ட். 1607 மே மாதம் 104 ஆண்களும் சிறுவர்களும் இந்த இடத்தில் இறங்கினார்கள். ஆற்றுக்கும் ஊருக்கும் மன்னர் ஜேம்ஸின் பெயர். இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் அவர்கள் கணக்கில் நியாயம் இருந்தது. கடலிலிருந்து ஆற்றில் வெகுதூரம் உள்ளே தள்ளி இருந்ததால் ஸ்பானியர் கண்ணில் சட்டென்று படாது. கரையோரமே ஆழம் என்பதால் கப்பலைக் கரை மரத்திலேயே கட்டலாம். நிலத்தோடு சேரும் வழியோ ஒரு குறுகிய நிலத்துண்டு மட்டும். (அந்தத் துண்டைப் பின்னால் ஆறு அரித்துவிட்டதால்தான் இன்று அது தீவு.) கணக்கில் விட்டுப்போனது குடிதண்ணீர். கோடையில் ஆற்று நீர் உப்புக் கரிக்கும், சுற்றிலும் சதுப்பு. அடுத்த ஜனவரியில் உயிரோடு இருந்தவர்கள் 38 பேர்.

அது ஆளில்லாத நிலமும் இல்லை. பாஸ்பஹே என்ற குடியின் நிலம் அது. அவர்களும் அக்கம்பக்கத்தில் இருந்த சுமார் 30 குடிகளும் வாஹுன்செனகாவ் என்ற பெருந்தலைவரின் கீழ் இருந்தார்கள். ஆங்கிலேயர் அவரைப் பவ்ஹாட்டன் என்று அழைத்தார்கள். வந்தவர்கள் பசியில் கிடந்தபோது அந்தக் குடிகளின் மக்காச்சோளம்தான் அவர்களைக் காப்பாற்றியது. பிறகு அதே சோளத்துக்காகத்தான் சண்டை. சண்டைக்குப் பின்னால் வானமும் இருந்தது என்பது 1998இல் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தது. இந்த வட்டாரத்துச் சைப்ரஸ் மரங்களின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில், 1606 முதல் 1612 வரையான ஏழு வருடங்கள்தான் 770 ஆண்டுகளில் மிக வறண்ட ஏழாண்டுக் காலம் என்று கண்டார்கள். விருந்தாளியும் பசியோடு, வீட்டுக்காரனும் பசியோடு.

சரி, புல்தரைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டு முழுக்கப் பெரும்பாலோர் நம்பியது, 1607இல் கட்டிய முக்கோணக் கோட்டையை ஆறு எப்போதோ அரித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான். தேசியப் பூங்கா வழிகாட்டிகள் தண்ணீரைக் காட்டி "அங்கேதான் இருந்தது" என்று சொல்வார்களாம். வில்லியம் கெல்சோ என்ற தொல்லியலாளருக்கு அதில் ஒரு நெருடல். தேவாலயம் கோட்டையின் நடுவே இருந்தது என்று பழைய குறிப்பு சொல்கிறது. பிறகு கட்டிய தேவாலயத்தின் கோபுரம் இன்னும் கரையில் நிற்கிறது. ஓர் ஊரில் கோயிலை அவ்வளவு எளிதாக இடம் மாற்றிவிடுவார்களா? 1994இல் கோபுரத்துக்கும் ஆற்றுக்கும் இடையே அவர் தோண்டத் தொடங்கினார். இரண்டு வருடத்துக்குள் கோட்டை அங்கேயே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஒரு மூலையை மட்டும்தான் ஆறு கொண்டுபோயிருந்தது.

எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நிலத்தில் மரக்கம்பம் நட்டால், கம்பம் மக்கிப்போன பிறகும் அது நின்ற இடத்தில் மண்ணின் நிறம் மாறியிருக்கும். களிமண்ணுக்கு நடுவே வட்டமாக ஒரு கரும்பழுப்புத் திட்டு. மேல்மண்ணைக் கரணையால் மெல்லச் சீவி, தண்ணீர் தெளித்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். ஒரு திட்டு என்றால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே கோட்டில், நெருக்கமாக, நீண்ட பள்ளத்துக்குள் வரிசையாகத் திட்டுகள் வந்தால் அது மரமதில். ஊரில் நாங்கள் தோண்டிய குழியிலும் இதே மாதிரிக் கம்பக்குழிகள் வந்தன. அன்றைக்கு எங்களுக்கு ஒரு சிறு குடிசைதான் கிடைத்தது. இங்கே வில்லியம் ஸ்ட்ரேச்சி என்பவர் 1610இல் எழுதிவைத்த அளவுகள் கையில் இருந்தன: ஆற்றுப்பக்கம் 420 அடி, மற்ற இரண்டு பக்கமும் 300 அடி. திட்டுகள் அந்தக் கணக்கோடு ஒத்துப்போயின. மொத்தமே ஓர் ஏக்கர் சொச்சம். இன்று அங்கே நீங்கள் பார்க்கும் மரமதில் புதியது, ஆனால் அசல் திட்டுகள் இருந்த அதே கோட்டில் நட்டது. மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கம்பங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடக்க அவளுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

கோட்டைக்குள் 1608ஆம் ஆண்டுத் தேவாலயத்தின் தடமும் கிடைத்திருக்கிறது. பவ்ஹாட்டனின் மகள் போகஹான்டஸுக்கும் ஜான் ரோல்ஃப் என்ற ஆங்கிலேயருக்கும் 1614இல் திருமணம் நடந்தது அங்கேதான். அதன் பலிபீடப் பகுதியில் நான்கு பேரைப் புதைத்திருந்தார்கள். அவர்கள் இன்னின்னார் என்று 2015இல் அறிவித்தார்கள். அவர்களில் ஒருவரான கேப்ரியல் ஆர்ச்சரின் சவப்பெட்டி மேல் ஒரு சிறு வெள்ளிப் பெட்டி இருந்தது. கத்தோலிக்கர் வைத்துக்கொள்ளும் புனிதப்பொருள் பேழை போலிருக்கிறது. புராட்டஸ்டன்ட் குடியேற்றத்தில் அது எப்படி வந்தது? அவர் மறைவாகக் கத்தோலிக்கராக இருந்தார் என்பது ஓர் ஊகம் மட்டுமே. பெட்டி இருந்தது உறுதி, அதற்கான காரணம் உறுதியில்லை.

பக்கத்திலேயே ஆர்க்கியேரியம் என்ற அருங்காட்சியகம். 1698இல் எரிந்துபோன அரசு மாளிகையின் அடித்தளத்துக்கு மேலேயே 2006இல் கட்டியிருக்கிறார்கள். தரையில் கண்ணாடி வழியாகப் பழைய செங்கல்லைப் பார்க்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. 1609-10 குளிர்காலத்தைப் 'பட்டினிக் காலம்' என்பார்கள். வெளியே பவ்ஹாட்டன் முற்றுகை, உள்ளே சுமார் 300 பேர். வசந்தம் வந்தபோது மீந்தவர்கள் 60 பேர் அளவுதான். நாயையும் குதிரையையும் தின்றார்கள், கடைசியில் பிணத்தையும் தின்றார்கள் என்று அக்காலக் குறிப்புகளில் உண்டு. அதைப் பலர் மிகைப்படுத்தல் என்றே ஒதுக்கிவந்தார்கள். 2012இல் ஒரு நிலவறைக் குப்பையில், வெட்டிய குதிரை, நாய் எலும்புகளோடு கலந்து ஒரு பெண்ணின் மண்டையோடு கிடைத்தது. வயது சுமார் 14, இங்கிலாந்தில் பிறந்தவள். நெற்றியில் தயங்கித் தயங்கிப் போட்ட நான்கு வெட்டு, பிறகு பின்மண்டையில் பலமான வெட்டுகள். அத்தனையும் அவள் இறந்த பிறகு விழுந்தவை. வெட்டிய கை பழகிய கை இல்லை என்பது அந்த நெற்றியைப் பார்த்தாலே தெரியும். ஜேன் என்ற பெயர் ஆய்வாளர்கள் வைத்தது. அந்த மண்டையோட்டையும், மறுவடிவமைத்த முகத்தையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு இதைக் காட்டலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என் அக்கா மகனுக்குப் பத்து வயதில் காட்டினேன். அவன் சாதாரணமாகத்தான் இருந்தான், அன்றிரவு அக்காதான் தூங்கவில்லை. மகளுக்குக் காட்டத்தக்கது கிணற்றிலிருந்து எடுத்த கற்பலகை. யாரோ அதன் இரு பக்கமும் ஆட்கள், செடிகள் என்று கிறுக்கித் தள்ளியிருக்கிறார்கள்.

போகஹான்டஸ் பற்றி மகள் கேட்பாள், அதனால் முன்னேற்பாடாகச் சொல்கிறேன். ஆங்கிலேயர் வந்தபோது அவளுக்குச் சுமார் 11 வயது. 1613இல் ஆங்கிலேயர் அவளைக் கடத்திப் பணயமாக வைத்தது, ரெபெக்கா என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றது, ரோல்ஃபை மணந்தது, 1617இல் இங்கிலாந்தின் கிரேவ்ஸெண்டில் இறந்தது எல்லாம் உறுதி. தந்தையின் ஆட்கள் கொல்லவிருந்தபோது, குடியேற்றத் தலைவர்களில் ஒருவரான ஜான் ஸ்மித்தின் தலையைத் தன் கைகளில் அணைத்துக் காப்பாற்றினாள் என்ற கதைக்கு ஸ்மித்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. 1608இல் அச்சான அவருடைய முதல் வர்ணனையில் அது இல்லை, பல வருடம் கழித்து எழுதியதில்தான் வருகிறது. நடந்ததே ஒரு சடங்காக இருக்கலாம், அதை ஸ்மித் தப்பாகப் புரிந்துகொண்டார் என்பாரும் உண்டு. எனக்கு ஸ்மித் மேல் நம்பிக்கை குறைவு. அது என் சொந்தக் கருத்து. ஸ்மித்துக்கும் அவளுக்கும் காதல் என்பது மட்டும் எந்தக் குறிப்பிலும் கிடையாது, சினிமாவில்தான் உண்டு.

1619ஐ நினைவில் வைத்துக்கொண்டு போங்கள். அந்த ஜூலை 30இல் இங்குள்ள தேவாலயத்தில் அமெரிக்காவின் முதல் ஆங்கிலேயப் பிரதிநிதிகள் சபை கூடியது. வெயில் கொளுத்தியதில் ஓர் உறுப்பினர் கூட்டத்தொடரின் நடுவிலேயே இறந்துபோனார். நீங்களும் ஜூலையில்தான் போகிறீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசியில் அங்கோலாவிலிருந்து பிடித்துவரப்பட்ட இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களை ஒரு கப்பல் கொண்டுவந்தது. அது வந்து நின்றது ஜேம்ஸ்டவுனில் என்று பலர் நினைக்கிறார்கள். ஆற்றின் முகத்துவாரத்தில், இன்றைய ஹாம்ப்டன் நகரில் உள்ள பாயின்ட் கம்ஃபர்ட்தான் அந்த இடம். அதையொட்டி இன்னொரு கப்பலில் வந்த ஆஞ்செலா என்ற பெண் இங்கே வில்லியம் பியர்ஸ் வீட்டில் இருந்ததை 1625ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த வீட்டு மனையையும் தோண்டியிருக்கிறார்கள். கோட்டையிலிருந்து கிழக்கே நடந்தால் வரும், பலர் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள்.

மாமனாருக்கு "நமக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்" என்று தோன்றினால் சொல்ல ஒன்று இருக்கிறது. வர்ஜீனியா கம்பெனியை 1619 வரை பத்து வருடம் நடத்திய சர் தாமஸ் ஸ்மித் என்ற வணிகர்தான், அதே காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் தலைவர். (மேலே சொன்ன ஜான் ஸ்மித் வேறு ஆள்.) ஜேம்ஸ்டவுனில் கடுஞ்சட்டம் போட்டு ஆண்ட சர் தாமஸ் டேல் பின்னர் கம்பெனிக் கப்பற்படையோடு கிழக்கே வந்து, 1619 ஆகஸ்டில் மசூலிப்பட்டினத்தில், நம் சோழமண்டலக் கரையின் வடக்கே, இறந்துபோனார். முதல் கப்பல்களை ஓட்டிவந்த நியூபோர்ட் இறந்தது ஜாவாவில். சென்னையில் கோட்டை கட்டக் கிழக்கிந்தியக் கம்பெனி இடம் பிடித்தது 1639இல், அதாவது இங்கே முக்கோணக் கோட்டை எழுந்து 32 வருடம் கழித்து. இன்னொன்று: 1635ஆம் ஆண்டு வர்ஜீனியா ஆவணம் ஒன்றில், ஜார்ஜ் மெனஃபி என்பவர் அழைத்துவந்த ஆட்களின் பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியன்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அவர் தமிழர் என்று சிலர் இணையத்தில் அடித்துச் சொல்கிறார்கள். ஆவணத்தில் இருப்பது அந்த இரண்டு சொற்கள்தான். அதற்கு மேல் சொல்வது ஆசை.

இனி நடைமுறை. வாஷிங்டனிலிருந்து சுமார் 150 மைல். 95ஆம் எண் சாலையில் வெள்ளிக்கிழமை மாலை மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். வில்லியம்ஸ்பர்க்கில் முதல் நாள் இரவு தங்கிவிட்டு, காலையில் கலோனியல் பார்க்வே வழியாகப் போவது நல்லது. மரங்களுக்கு நடுவே போகும் அழகான சாலை, ஆனால் பெட்ரோல் பங்க் கிடையாது. பலர் மாதிரிக் கிராமத்தை முதலில் பார்க்கச் சொல்வார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். தீவில் நிழல் குறைவு, அதனால் காலையிலேயே அங்கே போய்விடுங்கள். வார நாள் என்றால் தொல்லியலாளர்கள் குழிக்குள் வேலை செய்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். கேள்வி கேட்டால் எழுந்துவந்து பதில் சொல்வார்கள், தயங்க வேண்டாம். பார்வையாளர் மையத்திலிருந்து கோட்டைக்குச் சதுப்புக்கு மேலே மரப்பாலத்தில் கொஞ்சம் நடக்க வேண்டும். மாமியாருக்கு முட்டிவலி என்று எழுதியிருந்தீர்கள். தரை சமமாகத்தான் இருக்கும், ஆனாலும் அவசரப்படுத்தாமல் நடக்கவிடுங்கள். கொசுவுக்கும் உண்ணிக்கும் மருந்து பூசாமல் போகாதீர்கள், புல்லுக்குள் இறங்காதீர்கள்.

டிக்கெட்டில் ஒரு சிக்கல் உண்டு. கோட்டை இருக்கும் 22.5 ஏக்கர் 1893இலிருந்து ஒரு தனியார் பாதுகாப்பு அமைப்பின் வசம், தீவின் மீதி தேசியப் பூங்கா வசம். அதனால் கட்டணமும் இரண்டு பங்கு. உங்கள் தேசியப் பூங்கா ஆண்டு அட்டை ஒரு பங்கை மட்டும்தான் கழிக்கும். கவுண்டரில் நின்று சண்டை போடும் நம்மவர்களை ஒன்றிரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

தீவுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். கண்ணாடி ஊதும் கூடம் வழியில்தான், 1608இலேயே இங்கே கண்ணாடி செய்ய முயன்றார்கள். பிறகு சாப்பிட்டுவிட்டு மதியம் செட்டில்மென்டுக்குப் போனால் ஏசி போட்ட காட்சிக்கூடத்தில் பெரியவர்கள் உட்காரலாம், மகள் கப்பலில் ஏறி இறங்கலாம். காலையில் மண்ணில் பார்த்த கோடு மதியம் சுவராக எழுந்து நிற்பது அவளுக்குப் புரியும். முதலில் சுவரைப் பார்த்துவிட்டால் மண்ணில் இருக்கும் தடத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. சைவச் சாப்பாடு அந்தப் பக்கம் ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான், புளிசாதம் கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

இன்னும் சில வருடம் கழித்துப் போகலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், தள்ளிப்போடாதீர்கள். ஆற்றுமட்டம் ஏறிவருகிறது, பெருமழைக்கும் புயலுக்கும் தீவின் தாழ்ந்த பகுதிகளில் தண்ணீர் நிற்கிறது. 2022இல் அமெரிக்காவில் அழியும் ஆபத்தில் உள்ள பதினொரு வரலாற்று இடங்களின் பட்டியலில் இதையும் சேர்த்தார்கள். இன்னும் தோண்டாத மண்ணில் இருக்கும் திட்டுகள் ஈரத்தில் ஊறி ஊறிக் கலங்கிவிட்டால், அப்புறம் எந்தக் கரணையாலும் அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது.

மாலையில் நேரம் மிச்சமிருந்தால் செட்டில்மென்டுக்குப் பக்கத்திலிருந்தே கார்களை ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் ஃபெர்ரி இருக்கிறது. காசு கிடையாது. கால் மணி நேரப் பயணம். காரை விட்டு இறங்கிக் கைப்பிடி ஓரமாக நின்றால், அந்த மூன்று கப்பல்களும் தீவும் ஒரே பார்வையில் வரும். அதே ஃபெர்ரியில் திரும்பிவிடலாம். கடற்பறவைகள் தலைக்கு மேலேயே பறக்கும், மகள் கையில் தின்பண்டம் இருந்தால் இறுகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.